கணப்புக்கு மேல் போகாத டிவி: ஒரு குடும்ப அறையின் நிகழ்வு ஆய்வு

நான் போய்ச் சேர்ந்தபோது டிவி அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் முடிவாகியிருந்தது. கணப்புக்கு (குளிருக்குத் தீ மூட்டுகிற சுவர் அடுப்பு) மேலே, செங்கல் சுவரில், அத்தான் பென்சிலால் இரண்டு சின்னக் கூட்டல் குறி போட்டு வைத்திருந்தார். கீழே டிரில் மெஷின் சார்ஜில் கிடந்தது. அறைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆனால் அவர் அதற்காக என்னைக் கூப்பிடவில்லை. 65 அங்குல டிவியைத் தூக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சுவரில் ஓட்டை விழவில்லை. அக்கா வீட்டின் அந்த அறை இன்றைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் ஆறு வாரம் டிவி தப்பான இடத்தில் இருந்தது. அந்த இடத்தைச் சொன்னது நான்தான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அறையும் ஆட்களும்

இனி இடம், வலம் என்று சொல்வதெல்லாம் கணப்பைப் பார்த்து நிற்பவரின் கணக்கு. அறை 5.6 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம். நீளச் சுவரின் ஏறக்குறைய நடுவில் கணப்பு. புகைபோக்கி மேலே போகிற செங்கல் கட்டு 1.6 மீட்டர் அகலம், சுவரிலிருந்து 40 செ.மீ. அறைக்குள் துருத்தி நிற்கிறது. அப்படித் துருத்துவதால் அதன் இரு பக்கமும் உள்வாங்கிய மூலைகள் இரண்டு: இட மூலை 1.9 மீட்டர், வல மூலை 2.1 மீட்டர். வலக்கோடியில் இருக்கும் குட்டைச் சுவரில் பாதிக்கு மேல் ஜன்னல்தான், 2.4 மீட்டர். இடக்கோடிக் குட்டைச் சுவரில், நமக்குப் பின்புறமாக, முன்கூடத்திலிருந்து வரும் கதவு. நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நீளச் சுவரின் வலக்கோடியில் சமையலறை வாசல்.

ஆக, வீட்டுக்குள் வருகிறவர்கள் சமையலறைக்குப் போக அந்தப் பின்சுவரை ஒட்டி நடந்தே ஆக வேண்டும். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மரத் தரையின் பளபளப்பு அந்த ஒரு தடத்தில் மட்டும் மங்கியிருந்தது. காலி அறையில் முதலில் தரையைப் பார்ப்பது என் பழக்கம். முன்பு குடியிருந்தவர்கள் எப்படி நடந்தார்கள் என்பது அதில் எழுதியிருக்கும்.

சாமான்கள் அதிகமில்லை. மூன்று பேர் உட்காரும் 2.2 மீட்டர் சோபா, ஒற்றை நாற்காலி இரண்டு (ஒன்று சுழலும்), ஒரு டீப்பாய், 50 செ.மீ. உயரத்தில் தாழ்வான அலமாரி ஒன்று. கணப்பு விறகு போட்டு எரிக்கிற திறந்த வகை. வாய் 90 செ.மீ. அகலம், வாய்க்கு மேல் நீட்டியிருக்கும் மேற்பலகை தரையிலிருந்து 1.35 மீட்டர் உயரம்.

யாருக்கு என்ன வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டேன். அக்காவுக்குத் தீ தெரிய உட்கார்ந்து படிக்க வேண்டும், பேச வேண்டும். அத்தானுக்கு இரவில் ஒரு படம், விடுமுறை நாளில் மேட்ச். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தரை போதும். அம்மா மட்டும், "எனக்குன்னு தனியா எதுவும் வேண்டாம், எல்லாரும் இருக்கிற இடத்துல ஒரு நாற்காலி போடு" என்றாள். மற்ற மூன்றையும்விட இதுதான் கஷ்டமான கோரிக்கை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கணப்புக்கு மேல் ஏன் கூடாது

அத்தானின் யோசனையைச் சும்மா தள்ளிவிட முடியாது. கணப்பும் டிவியும் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்துவிட்டால் சோபா எதைப் பார்த்து உட்கார வேண்டும் என்ற கேள்வியே எழாது. இரண்டு மூலைகளும் புத்தக அலமாரிக்கு மிஞ்சும். பார்வைக்கும் ஒழுங்காக இருக்கும். பலர் அப்படி மாட்டுவதற்குக் காரணம் இருக்கிறது.

நான் டேப்பை எடுத்தேன். 65 அங்குலத் திரை என்றால் அகலம் ஏறக்குறைய 1.45 மீட்டர், உயரம் 82 செ.மீ. மேற்பலகைக்கு மேல் 10 செ.மீ. இடம் விட்டு மாட்டினால் திரையின் நடு தரையிலிருந்து 1.86 மீட்டரில் நிற்கும். சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கண் 1.05 மீட்டரில். நடைபாதைக்கு 90 செ.மீ. விட்டுச் சோபாவைப் போட்டால் கண்ணிலிருந்து செங்கல் முகப்புக்கு 2.6 மீட்டர். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 17 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். 15 டிகிரியைத் தாண்டினால் கழுத்து உழைக்கத் தொடங்கிவிடும் என்பதுதான் நான் வைத்துக்கொள்ளும் எல்லை.

டிகிரியைச் சொன்னால் யாருக்கும் வலிக்காது. அதனால் டிவி வந்த அட்டைப்பெட்டியிலேயே 145க்கு 82 என்று ஒரு துண்டை வெட்டி, பென்சில் குறிகளின் மேல் ஒட்டினோம். அத்தானைச் சோபாவில் உட்காரவைத்து, "அட்டையின் நடுவைப் பார்த்தபடி என்னோடு பேசிக்கொண்டிருங்கள்" என்றேன். ஒரு படம் ஓடும் நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். பத்தாவது நிமிடத்துக்குள் அவருடைய வலது கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள்.

முதுகைச் சாய்க்கிற சோபாவாக இருந்தால் இந்த வாதம் பாதி விழுந்துவிடும். உடம்பே பின்னால் சாயும்போது பார்வையும் தானே மேலே போகும், கழுத்துக்கு வேலை குறையும். இவர்களுடையது நிமிர்ந்து உட்காருகிற சோபா. அதேபோல அறை ஆழமாக இருந்து 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதே 17 டிகிரி 9 ஆகச் சுருங்கும். ஆனால் அவ்வளவு தூரத்துக்கு 65 அங்குலம் சிறுத்துப்போகும்.

அடுத்து சூடு. டிவியோடு வரும் கையேட்டில் எந்த வெப்பநிலை வரை இயக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான கையேடுகளில் மேல் எல்லை 40 டிகிரி செல்சியஸ், இவர்களுடையதிலும் அதுவே. ஒரு வெப்பமானியை அட்டையின் கீழ் விளிம்பில் டேப் போட்டு ஒட்டி, வழக்கமாக எரிப்பதுபோல இரண்டு மணி நேரம் விறகு எரித்தோம். 46 டிகிரி காட்டியது. மேற்பலகை இன்னும் ஆழமாக முன்னால் நீண்டிருந்தால் அது குடைபோல நின்று சூட்டை முன்பக்கம் திருப்பிவிட்டிருக்கும். இங்கே அது வெறும் 15 செ.மீ. நீட்டம். இந்தச் சோதனைக்கு ஒரு வெப்பமானியும் ஒரு மாலை நேரமும் போதும். மாட்டிய பிறகு ஏதாவது ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

சுவரைத் துளைப்பதிலும் எனக்குத் தயக்கம். அந்தச் செங்கலுக்குப் பின்னால்தான் புகை போகும் குழல் இருக்கிறது. அது எங்கே, எத்தனை செ.மீ. உள்ளே என்று தெரியாமல் டிரில்லை ஓட்டுவது நல்லதல்ல. அதன் வழியாகக் கேபிளை மறைத்துக் கொண்டுபோகலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

அத்தான் விடவில்லை. பார்க்கும்போது மட்டும் கீழே இறங்கும் பிராக்கெட் கிடைக்கிறதே என்றார். கிடைக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் குளிர்கால இரவில், தீயும் எரிந்து படமும் ஓட வேண்டிய வேளையில், அது டிவியை நேரே அனலுக்கு முன்னால் இறக்கி நிறுத்தும். அதைச் சொன்னதும் டிரில்லை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு அறை, இரண்டு மையம்

ஆங்கிலத்தில் ஃபோகஸ் என்கிறோமே, அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அதற்குப் பொருள் அடுப்பு, தீ எரியும் இடம். 1604இல் வானியலாளர் ஜோகன்னஸ் கெப்ளர் ஒளியியல் பற்றி எழுதும்போது ஒளி குவிகிற புள்ளிக்கு அந்தப் பெயரை வைத்தார். நாம் அதைக் குவியம் என்கிறோம். அதே கெப்ளர்தான் கோள்கள் சுற்றும் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று சொன்னவர். வட்டத்துக்கு மையம் ஒன்று, நீள்வட்டத்துக்குக் குவியம் இரண்டு.

டிவியும் கணப்பும் உள்ள அறைகளுக்குப் படம் போடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இரண்டு குவியத்தையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வட்டமாக்கத்தான் எல்லோரும் பார்க்கிறோம். இரண்டும் தனித்தனியே இருக்கட்டும், உட்காரும் இடங்களை அவற்றைச் சுற்றி இழுத்துப் போடலாம் என்று விட்டுவிட்டால் வேலை பாதி குறையும். ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிரெதிரே போனால் ஒன்றுக்கு எப்போதும் முதுகுதான்.

அந்தக் காரணத்தால் பின்சுவர் முதலிலேயே அடிபட்டது. டிவி பார்க்கிறவர்கள் தீக்கு முதுகு காட்டுவார்கள், போதாததற்கு நடைபாதையும் அங்கேதான். இடக்கோடிக் குட்டைச் சுவரில் இடம் தாராளம், ஆனால் அதற்கு நேர் எதிரே 2.4 மீட்டர் ஜன்னல். பகலில் திரையில் படத்துக்குப் பதில் வெளியே நிற்கும் மரம்தான் தெரியும். மிச்சம் இருந்தவை கணப்பின் இரு பக்க மூலைகள்.

நான் செய்த தப்பு

இட மூலையைச் சொன்னேன். காரணம் இரண்டு. பிளக் பாயின்டும் கேபிள் இணைப்பும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. ஜன்னலிலிருந்து தூரமாகவும் இருந்தது. ஜன்னலிலிருந்து டிவியை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன், யோசிக்கவில்லை. அலமாரியின் மேல் சோபாப் பக்கம் கொஞ்சம் திருப்பிய டிவி, கணப்பின் நடுவுக்கு நேராகச் சோபாவின் நடு, ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி, இடப்பக்கம் சுழல் நாற்காலி. படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் போனேன். சோபாவின் இடக்கோடி மெத்தை குழிந்திருந்தது, வலக்கோடி கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது. சோபாவின் நடுவிலிருந்து டிவி 33 டிகிரி இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது, தூரம் 3.2 மீட்டர். வலக்கோடியில் உட்கார்ந்தால் 44 டிகிரி, 3.7 மீட்டர். டிவியைத் திருப்பி வைத்திருந்தும் அந்தக் கோடியிலிருந்து அவர்களுடைய திரையின் கறுப்பு சாம்பலாக வெளிறியது. எல்.சி.டி. வகைகளில் சிலவற்றுக்கு நேர்முகம் நன்றாக இருக்கும், பக்கவாட்டு சரியிருக்காது. அதனால் எல்லோரும் இடக்கோடிக்கே நெருக்கியடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு போய் டிவிக்கு முன்னால் தரையில் குடியேறிவிட்டார்கள். அக்கா ஜன்னலோர நாற்காலியில் தனியாக. அம்மாவுக்கு என்று போட்ட சுழல் நாற்காலி இடப்பக்கம் டிவியிலிருந்து இரண்டு மீட்டருக்கும் குறைவில் இருந்தது. அதில் துணி மடித்து வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, நாற்காலி சரியில்லையா?"

"நாற்காலிக்கென்ன. சாயங்காலம் ஆனா டிவியில முகமே தெரியல, வெள்ளையா ஒண்ணு நிக்குது."

உட்கார்ந்து பார்த்தேன். திரையின் வலப்பாதியில் ஜன்னல் முழுசாக நின்றது, திரைச்சீலையின் மடிப்பு உட்பட. சோபாக்காரர்களுக்காக டிவியை வலப்பக்கம் திருப்பியிருந்தோம் அல்லவா? திருப்பத் திருப்ப அது ஜன்னல் பக்கம் பார்க்கிறது. அணைத்த திரை மங்கலான கண்ணாடி. கண்ணாடியில் என்ன தெரியும் என்பது ஜன்னல் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்ததல்ல, கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. தொழில் தெரிந்தவன் என்று பேர், இதை அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கைக்கண்ணாடிச் சோதனை

இரண்டாவது முறை ஒரு சாமானையும் நகர்த்துவதற்கு முன்னால் அக்காவின் கைக்கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். டிவி வரப்போகும் இடத்தில், திரையின் நடு எங்கே வருமோ அந்த உயரத்தில், டிவி எந்தப் பக்கம் திரும்பியிருக்குமோ அந்தச் சாய்வில் ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வோர் இருக்கையிலும் உட்கார்ந்து கண்ணாடிக்குள் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். அங்கே ஜன்னலோ விளக்கோ தெரிந்தால் நாளைக்குத் திரையிலும் அதுவே தெரியும். பெரிய பிள்ளை கண்ணாடியைப் பிடித்தது, சின்னது இருக்கை இருக்கையாகத் தாவி, "சுவரு", "கதவு", "அண்ணன் மூக்கு" என்று அறிக்கை வாசித்தது.

வல மூலையில், ஜன்னலை ஒட்டி, ஜன்னலுக்கு முகம் காட்டாமல் இடப்பக்கம் திருப்பிப் பிடித்தபோது எந்த இருக்கையிலிருந்தும் ஜன்னல் தெரியவில்லை. முன்கூடத்துக் கதவும் இடச் சுவரும்தான் தெரிந்தன. ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த இடம்தான் ஜன்னல் விழாத இடம். அத்தான் நம்பாமல் தானும் ஒருமுறை எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

தீயும் திரையில் விழாது. ஒரே சுவரில் இருப்பதால் தீ திரையின் முகத்துக்கு முன்னால் வருவதேயில்லை. முன்னால் துருத்தி நிற்கும் செங்கல் கட்டு அனலையும் மறைத்துவிடுகிறது. அதே வெப்பமானியை வல மூலையில் வைத்து இரண்டு மணி நேரம் எரித்தபோது அறையின் மற்ற இடங்களைவிட இரண்டு டிகிரிதான் கூடுதல்.

சோபா நகர்ந்த 70 செ.மீ.

டிவிக்கு இடம் கிடைத்ததும் சண்டை சோபாவுக்கு வந்தது. சோபாவின் நடு கணப்பின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதம். நான் அதை 70 செ.மீ. வலப்பக்கம் தள்ளச் சொன்னேன்.

"கோணலா இருக்கும்டா."

"நின்னு பார்த்தா கோணல். உட்கார்ந்து பாரு."

"வர்றவங்க நின்னுதானே முதல்ல பார்ப்பாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. படத்துக்கும் விருந்தினர் பார்வைக்கும் சமச்சீர் அழகு, அதில் வாழ்கிறவர்களுக்கு எப்போதும் அல்ல என்பது என் கட்சி. தரையில் காகித டேப் ஒட்டிச் சோபாவின் புது எல்லையைக் காட்டினேன். ஒரு வாரம் வைத்துப் பார், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம் என்று ஒப்பந்தம்.

அந்த 70 செ.மீ. என்ன செய்தது என்றால், நடு இருக்கையிலிருந்து கணப்பு இடப்பக்கம் 15 டிகிரி, டிவி வலப்பக்கம் 23 டிகிரி. எதைப் பார்க்கவும் உடம்பைத் திருப்ப வேண்டாம், தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும். டிவிக்குத் தூரம் 2.9 மீட்டர். திரை நம் பார்வையில் 30 டிகிரி அகலத்தை அடைத்தால் வீட்டுக்குப் போதும், சினிமா ஆசை இருந்தால் 40 வரை போகலாம் என்று தொழிலில் ஒரு கணக்கு உண்டு. 65 அங்குலத்துக்கு அது 2.7 மீட்டரும் 2 மீட்டரும். 2.9 அதற்குப் பக்கத்தில்தான். 50 செ.மீ. அலமாரிக்குச் சற்று மேலே, சுவரிலிருந்து நீண்டு திரும்பும் கை பிராக்கெட்டில் மாட்டியதால் திரையின் நடு தரையிலிருந்து 1 மீட்டர். கண்ணின் உயரத்துக்கு ஏறக்குறைய நேர். மாட்டியது செங்கல் கட்டில் அல்ல, மூலையின் பின்சுவரில். பிளக் பாயின்டை அங்கே கொண்டுவர ஒரு மின்பணியாளர் அரைநாள் வேலை செய்தார். அந்த அரைநாளை மிச்சம் பிடிக்கப்போய்த்தான் ஆறு வாரம் வீணானது.

ஒற்றை நாற்காலிகள் இரண்டும் இடப்பக்கம் போயின, ஜன்னலைப் பார்த்தபடி. அங்கிருந்து தீ, டிவி, ஜன்னல் மூன்றும் ஒரே வளைவில் தெரியும். சோபாவின் இடக்கோடிக்கும் பக்கத்து நாற்காலிக்கும் இடையே 1.9 மீட்டர். எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966இல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளிகளை வகைப்படுத்தினார். பழகியவர்கள் சாதாரணமாகப் பேச ஏறக்குறைய 1.2 முதல் 2.1 மீட்டர் என்பது அதில் ஒன்று. சோபாவின் வலக்கோடிக்கு 3.2 மீட்டர் வந்துவிடுகிறது. அங்கே இருப்பவரோடு பேச அம்மா குரலை உயர்த்த வேண்டியிருக்கும். இதற்கு வழி காண முடியவில்லை.

மாட்டி முடித்த மாலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டுப்படுது" என்றாள். போய்ப் பார்த்தால், செங்கல் கட்டின் விளிம்பு திரையின் இட ஓரத்தை விரல் அகலத்துக்கு மறைத்தது. படத்தில் 3 செ.மீ. வித்தியாசம், நான் கவனிக்கவில்லை. பிராக்கெட் கையை 15 செ.மீ. முன்னால் இழுத்தோம், வெட்டு போயிற்று. டிவியைச் சுவரோடு சுவராக அறைந்துவிடும் தட்டைப் பிராக்கெட் வாங்கியிருந்தால் இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்போம்.

தீக்கு எவ்வளவு கிட்ட

திறந்த கணப்பு அறையின் காற்றைச் சூடாக்குவது குறைவு, சூடான காற்றில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். நம்மைத் தொடுவது தீயிலிருந்து நேர்கோட்டில் வரும் கதிர்வெப்பம். 1790களில் வெப்ப ஆய்வாளர் ரம்ஃபோர்டு பிரபு கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டச் சொன்னது அந்தக் கதிர்களை அறைக்குள் திருப்பத்தான். நேர்கோடு என்பதால் தீயைப் பார்க்க முடிகிற இருக்கைக்குத்தான் சூடு கிடைக்கும். உயர்ந்த முதுகுள்ள நாற்காலியைத் தீக்கு முன்னால் திருப்பிப் போட்டால் அதன் பின்னால் இருப்பவர் குளிரில்தான் இருப்பார்.

தீக்காய்வதில் அகலாது அணுகாது என்பதுதானே நம் பழைய கணக்கு. அணுகாமைக்கு ஓர் அளவு உண்டு: தீப்பிடிக்கக்கூடிய எதுவும், நாற்காலியோ திரைச்சீலையோ விறகுக்கூடையோ, தீயிலிருந்து குறைந்தது 90 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பில் பொதுவாகச் சொல்வது. அகலாமைக்கு 3 மீட்டருக்குள் என்று நானாக வைத்துக்கொண்டேன். நடைபாதையோடு இதுவும் சேர்ந்துதான் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டவில்லை. தரை விரிப்பு கணப்பின் முன்னால் இருக்கும் கல் தளத்துக்கு இப்பாலேயே தொடங்குகிறது. வெடித்துத் தெறிக்கும் கங்கு கல்லில் விழட்டும். சின்னவன் விரிப்பிலேயே படுத்துத் தூங்குகிறவன் என்பதால் வாய்க்கு முன்னால் கம்பித் தடுப்பும் வந்தது. அலமாரியைச் சுவரோடு திருகிவிட்டோம்.

டீப்பாய்க்கும் சோபாவுக்கும் 45 செ.மீ. விட்டோம். பிள்ளைகள் அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள், அதனால் அந்த அளவுக்குப் பெரிய மரியாதை இல்லை.

ஒரு குளிர்காலத்துக்குப் பிறகு

பகலில் டிவி பார்க்கும்போது திரைக்கு அருகிலேயே ஜன்னல் வெளிச்சம் இருப்பது கண்ணைக் கூசத்தான் செய்கிறது. பிரதிபலிப்பு இல்லை, ஆனால் பளீரென்ற வெளிச்சத்துக்குப் பக்கத்தில் படம் மங்கித் தெரியும். டிவியை ஒட்டிய பக்கத்துத் திரைச்சீலையை மட்டும் பாதி இழுத்துவிடுகிறார்கள். இரவில் டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. இருட்டறையில் தனித் திரை எரிவதைவிடக் கண்ணுக்கு அது இதமாக இருக்கிறது.

மூலையில் இருப்பதால் சத்தத்தில் அடித்தொனி கூடிப் பேச்சு குழறியது. இரண்டு சுவர் சந்திக்கும் இடம் கனத்த ஒலியைத் தூக்கிக்கொடுக்கும். சவுண்ட்பாரை அலமாரியின் முன் விளிம்புக்கு இழுத்து, அமைப்பில் பேஸைக் குறைத்ததும் தெளிந்தது.

அம்மாவின் நாற்காலியிலிருந்து திரை இன்னும் 30 டிகிரி பக்கவாட்டில்தான், நிறம் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. தேவைப்பட்டால் கையைப் பிடித்து டிவியை அவள் பக்கம் திருப்புகிறார்கள். ஆனால் அவள் பெரும்பாலும் திரையைப் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்களைப் பார்க்கிறாள். மடித்த துணி இப்போது வேறெங்கோ இருக்கிறது. ஒரு வார ஒப்பந்தம் முடிந்தது யாருக்கும் நினைவில்லை. விரிப்பை ஒருநாள் தட்டத் தூக்கியபோதுதான் சோபா எல்லைக்கு ஒட்டிய காகித டேப் அப்படியே இருந்ததாக அக்கா சொன்னாள்.

கோடையில் ஒரு புதுப் பிரச்சினை வந்தது, யாரும் எதிர்பார்க்காதது. தீ எரியாத கணப்பு ஒரு கறுப்புப் பொந்து, அணைத்த டிவி ஒரு கறுப்புச் செவ்வகம். பகலில் சோபாவில் உட்கார்ந்தால் எதிரே இரண்டு கறுப்பு. பொந்துக்குள் வெளிர் நிற மரக்கட்டைகளை அடுக்கியதில் ஒன்று தீர்ந்தது. மற்றதைப் பற்றி எனக்கு யோசனை ஏதும் இல்லை.

மேற்பலகைக்கு மேலே ஒரு படம் மாட்டலாம் என்று அக்கா தேடிக்கொண்டிருக்கிறாள், ஒன்றும் பிடிக்கவில்லை. அத்தானின் இரண்டு பென்சில் குறிகளும் செங்கல்லில் இன்னும் இருக்கின்றன.